சீனி கலக்காத இரக்கம்

"இந்தியப் புனைகதைகளில் மனிதநேயம்" என்று ஒரு தலைப்பு இருக்கிறது. கட்டுரைப் போட்டி, செமினார், பத்து மார்க் கேள்வி என்று எங்கே போனாலும் நம்மைத் துரத்திக்கொண்டே வரும். பதிலும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆசிரியர் ஏழைகளின் துயரத்தை உருக்கமாகச் சித்தரிக்கிறார், படிப்பவர் கண்களைக் குளமாக்குகிறார், ஆகவே அவர் மனிதநேயர். முடிந்தது. மார்க்கும் கிடைத்துவிடும்.

எனக்கு இந்தப் பதிலின் மேல் நெடுநாளாக ஒரு கடுப்பு. கண்ணில் தண்ணீர் வந்தால் மனிதநேயமா? அப்படிப் பார்த்தால் மெகா சீரியல் எடுக்கிறவர்களை விடப் பெரிய மனிதநேயர்கள் நாட்டில் இல்லை.

உடன்குடிக்காரர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொன்னால் சட்டென்று புரியும். கருப்பட்டியில் சீனி போட்டது, போடாதது என்று இரண்டு வகை உண்டு. சீனி போட்டது பார்க்கப் பளிச்சென்று இருக்கும், வாயில் வைத்ததும் தித்திக்கும். போடாதது கொஞ்சம் கறுத்து, நாக்கில் லேசாகக் கரிக்கும். வெளியூர்க்காரர்கள் முதல் வகையைத்தான் நல்ல கருப்பட்டி என்று வாங்கிப் போவார்கள். கதைகளில் வரும் இரக்கமும் இப்படி இரண்டு வகை என்பதுதான் நான் சொல்ல வருவது. பாடப்புத்தகத்தில் நாம் பாராட்டுவது பெரும்பாலும் முதல் வகையை.

சீனி போட்ட இரக்கம் எப்படி இருக்கும்? அந்தக் கதையில் ஏழை எப்போதும் நல்லவன். பொய் சொல்ல மாட்டான். யாரையும் கேலி செய்து சிரிக்க மாட்டான். அவனுக்கு ஆசை கிடையாது, பொறாமை கிடையாது. அழுவான், பணிவாகப் பேசுவான், கடைசிப் பக்கத்துக்கு முன்னால் செத்துப்போவான். நாம் "ஐயோ பாவம்" என்று புத்தகத்தை மூடிவிடலாம். (தமிழில் செய்கிற குற்றத்துக்கும் பாவம் என்றுதான் பெயர், அடிபட்டவனைப் பார்த்து வருத்தப்படுவதற்கும் பாவம் என்றுதான் பெயர். யார் செய்த பாவம், யார் பாவம் என்று கேட்டால் கதையே மாறிவிடும்.)

நம் பக்கத்துத் தசராவை எடுத்துக்கொள்ளுங்கள். குலசேகரப்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, விரதமிருந்து, மாலை போட்டு, வேஷம் கட்டுகிறார்கள். காளி, ராஜா, போலீஸ், குரங்கு என்று எத்தனையோ வேஷம். அதில் குறவன் குறத்தியும் உண்டு, பிச்சைக்காரரும் உண்டு. வசதியான வீட்டுக்காரரே தட்டேந்தி வீடு வீடாகக் காணிக்கை கேட்டு வருவார். அகந்தை அழிய வேண்டும் என்பது அதன் தத்துவம். அந்தப் பத்து நாளும் நம் தெருக்களில் நடப்பதை நான் குறைவாகச் சொல்லவே மாட்டேன், எனக்கு அது பிடிக்கும். ஆனால் பத்தாம் நாள் கடற்கரையில் சூரசம்ஹாரம் முடிந்து, காப்பை அவிழ்த்துவிட்டால் வேஷமும் போய்விடுகிறது. அதற்கு அடுத்த வாரம் நிஜமாகவே பாசிமணி விற்கிற குறத்தி அதே வீட்டு வாசலில் வந்து நின்றால் திண்ணையில் உட்காரச் சொல்கிறோமா?

பல கதைகளும் இந்த வேஷம் மாதிரிதான். எழுதியவர் கொஞ்ச நேரம் தட்டேந்தி வந்தார், நாம் காணிக்கை போட்டோம். அவர் வேஷத்தைக் கலைத்தார், நாம் கதவைச் சாத்தினோம்.

அப்படி இல்லாத ஒரு நாவலைச் சொல்கிறேன். மலையாளத்தில் தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-ல் எழுதிய "தோட்டியின் மகன்". தமிழில் சுந்தர ராமசாமி மொழிபெயர்த்திருக்கிறார். ஆலப்புழை நகரத்தில் மலம் அள்ளுகிறவர்களின் கதை. கதையில் வரும் பெயர்களைப் பாருங்கள்: இசக்கிமுத்து, சுடலைமுத்து. பெயரைக் கேட்டாலே இவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து போன குடும்பம் என்று நமக்குத் தெரிந்துவிடும். நம் வகுப்பு வருகைப் பதிவேட்டிலேயே இந்த இரண்டு பெயரும் இருக்கின்றன.

சுடலைமுத்து நல்லவன் இல்லை. என் கட்டுரைக்கு அதுதான் முக்கியம். தன் மகன் வாளியைத் தொடக்கூடாது என்ற ஒரே வைராக்கியத்தில் காசு சேர்க்கிறான். அதற்காக உடன் வேலை செய்கிறவர்கள் சங்கம் வைக்கப் பார்க்கும்போது அவர்களையே காட்டிக்கொடுக்கிறான். நம்பிய நண்பனின் பிழைப்பு அவனால் கெடுகிறது. படிக்கும்போது அவன் மேல் ஆத்திரம் வருகிறது. அடுத்த பக்கத்திலேயே, மகனுக்கு மோகனன் என்று பேர் வைக்கிறான். ஊர் சிரிக்கிறது, தோட்டி மகனுக்கு மோகனனாம்! ஒரு குழந்தைக்கு அழகான பெயர் வைப்பது கூட அதிகப்பிரசங்கித்தனம் ஆகிவிடுகிற இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை எனக்கு எந்தப் புள்ளிவிவரமும் இவ்வளவு பச்சையாகச் சொன்னதில்லை. கடைசியில் சேர்த்த பணமும் நிலைக்கவில்லை, மகன் கைக்கும் அதே வாளிதான் வருகிறது.

தகழி சுடலைமுத்துவைத் தியாகியாக்கி இருந்தால் நாம் சுகமாக அழுதிருப்போம். அவர் அவனைத் துரோகியாக்கினார், அவன் ஏன் துரோகியானான் என்பதையும் காட்டினார். இந்த நிலைமையில் நீ என்ன செய்திருப்பாய் என்ற கேள்வி நம்மிடமே திரும்பி வருகிறது. அந்த இடத்தில் அழுகை வராது, வாய் அடைத்துப் போகும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. அதைத் தாண்டிக் குதித்துவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. பிரேம்சந்தின் "கஃபன்" கதை (1930களின் நடுவில் வந்தது) நம்மில் பலருக்குத் தெரியும். கீசு, மாதவ் என்று அப்பனும் மகனும். மாதவின் மனைவி பிரசவ வேதனையில் குடிசைக்குள் துடிக்கிறாள், இவர்கள் வெளியே உட்கார்ந்து சுட்ட உருளைக்கிழங்கைத் தின்கிறார்கள். அவள் செத்த பிறகு சவத்துணி வாங்க ஊராரிடம் வாங்கிய காசில் குடித்துவிடுகிறார்கள். இந்தியாவின் மகத்தான சிறுகதைகளில் ஒன்று என்பார்கள். ஆனால் இந்தி தலித் எழுத்தாளர்கள் பலர் இந்தக் கதையைக் கடுமையாக எதிர்த்தார்கள். எங்கள் ஆட்களை இப்படி ஈரமில்லாதவர்களாகக் காட்ட உமக்கு யார் உரிமை கொடுத்தது என்பது அவர்கள் கேள்வி.

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கெட்டவனாக இருக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று நான் சொல்வது, ஏற்கனவே ஊரே கெட்டவன் என்று முத்திரை குத்தி வைத்திருக்கும் ஒருவனிடம் போய்ச் சொன்னால் எப்படி இருக்கும்? பிரேம்சந்த் ஒரு காரணம் சொல்லத்தான் செய்கிறார். மாடாய் உழைக்கிறவனும் இவர்களை விட மேலாக வாழவில்லை, பிறகு ஏன் உழைக்க வேண்டும் என்று இவர்கள் முடிவு கட்டியதில் ஆச்சரியமில்லை என்கிறார். அந்தக் காரணம் கதையில் இருக்கிறது. ஆனாலும் உள்ளே செத்துக்கொண்டிருக்கும் புதியாவின் பக்கம் போய் ஒரு நிமிஷம் கதை உட்காரவில்லை. குடிசை வாசலிலேயே நின்றுவிட்டது. தகழிக்கும் பிரேம்சந்துக்கும் நடுவில் நான் தகழி பக்கம் சாய்வது இதனால்தான். புதுமைப்பித்தன் "பொன்னகரம்" கதையில் அம்மாளுவோடு இருட்டுச் சந்து வரைக்கும் போகிறார். அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்குக் கஞ்சி வைக்க அவள் முக்கால் ரூபாய் சம்பாதிப்பதைச் சொல்லிவிட்டு, அவளைத் திட்டாமல் திரும்பி நம்மைத் திட்டுகிறார். சின்னஞ்சிறு கதை. நம் திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்தவர் என்று பெருமைப்படுகிற நாம் அந்தத் திட்டு நமக்கு என்பதை மறந்துவிடுகிறோம்.

இனி நம் வாசலுக்கே வருகிறேன். உடன்குடியிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் மணப்பாடு. பழைய திருச்சிலுவை ஆலயம், சவேரியார் தங்கிய குகை, மணல்மேடு, சினிமா ஷூட்டிங் என்று பலருக்கும் தெரிந்த ஊர். அந்த ஊரை வைத்து 1977-ல் வந்த நாவல் வண்ணநிலவனின் "கடல்புரத்தில்". மெலிந்த புத்தகம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அதைப் படித்த பிறகு மணப்பாட்டு பஸ்ஸில் மீன்கூடையோடு ஏறுகிற அக்காமாரைப் பார்க்கிற பார்வை எனக்கு மாறிப்போனது.

கதை இதுதான். குரூஸ் மிக்கேல் ஒரு வல்லத்துக்குச் சொந்தக்காரர். மகன் செபஸ்தி வாத்தியார், வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான். கடலில் லாஞ்சுகள் வந்துவிட்டன. லாஞ்சுக்காரர்களுக்கும் வல்லத்துக்காரர்களுக்கும் பகை முற்றுகிறது. மகள் பிலோமி சாமிதாஸை நேசிக்கிறாள். அவன் இவளை விட்டுவிட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொள்கிறான்.

இதில் அழ வைக்க எத்தனை இடம் இருக்கிறது பாருங்கள்! வண்ணநிலவன் ஒன்றையும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. பிலோமி சாபம் கொடுப்பதில்லை, கடலில் விழுவதுமில்லை. சாமிதாஸை வெறுக்கவும் அவளால் முடியவில்லை. இதைவிட எனக்குப் பெரிய ஆச்சரியம் அம்மா மரியம்மையின் விஷயம். அவளுக்கும் ஊர் வாத்திக்கும் ஒரு நேசம் இருக்கிறது. நம் சினிமாவில் என்றால் அவள் கெட்டுப்போனவள், ஒன்று திருந்த வேண்டும், இல்லாவிட்டால் சாக வேண்டும். இங்கே கதை அவளைக் கூண்டில் ஏற்றவே இல்லை. மகளுக்கு அது தெரியும், புரியவும் செய்கிறது. அம்மா போன பிறகு அதே வாத்தியோடு பிலோமிக்கு ஒரு சிநேகம் உண்டாகிறது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று கதை கவலைப்படவில்லை.

மீன்பிடிக்கிற வீட்டுப் பெண்ணுக்கு வறுமை மட்டும்தான் உண்டு என்று எழுதுவது சுலபம். அவளுக்கு மனசு உண்டு, அதுவும் மாடி வீட்டுப் பெண்ணின் மனசைப் போலவே சிக்கலான மனசு உண்டு என்று எழுதுவதற்கு வேறு மாதிரி மரியாதை வேண்டும். எனக்கு மனிதநேயம் என்றால் அந்த மரியாதைதான். வண்ணநிலவனின் "எஸ்தர்" சிறுகதையிலும் இதே கைதான். பஞ்சத்தில் ஊரை விட்டுக் கிளம்புகிற குடும்பம், நடக்க முடியாத ஒரு பாட்டி, முடிவெடுக்க வேண்டிய எஸ்தர் சித்தி. அவள் என்ன செய்கிறாள் என்பதை இங்கே உடைக்க மாட்டேன், படித்துக்கொள்ளுங்கள். படித்துவிட்டு எஸ்தர் சித்தியை நல்லவள் என்றோ கெட்டவள் என்றோ உங்களால் சொல்ல முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.

வண்ணநிலவன் மணப்பாட்டுக்காரர் இல்லை. வெளியிலிருந்து வந்து எழுதியவர். அப்படியானால் வெளியாள் எழுதலாமா என்ற சண்டைக்கு வந்துவிடுகிறோம். நல்ல மனசு இருந்தால் போதும் என்கிறவர்களுக்கு நான் இடையன்குடியைக் காட்டுவேன். திசையன்விளை பக்கத்து இடையன்குடிக்கு 1841-ல் வந்த கால்டுவெல் அங்கேயே வாழ்ந்து, பள்ளி நடத்தி, கோயில் கட்டி, அந்த மண்ணிலேயே அடக்கமானவர். பனையேறும் மக்களுக்காக அவர் உழைத்ததை யாரும் மறுக்க முடியாது. அதே மனிதர் 1849-ல் அந்த மக்களைப் பற்றி எழுதிய நூல், அவர்களை அறிவில் தாழ்ந்தவர்களாகக் காட்டி, பிற்பாடு அவர்களிடமிருந்தே பெரும் எதிர்ப்பைச் சம்பாதித்தது. உதவி செய்கிற கை ஒரு பக்கம், மேலிருந்து பார்க்கிற கண் மறுபக்கம். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அதற்காக உள்ளாள் எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. உவரிக்காரரான ஜோ டி குருஸ் "ஆழி சூழ் உலகு" (2004) எழுதியபோது சொந்த ஜனங்களிடமிருந்தே எதிர்ப்பு வந்தது. அழுக்கை ஏன் வெளியே காட்டினாய் என்று. பின்னால் "கொற்கை" நாவலுக்கு 2013-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது வேறு கதை. இமையத்தின் "கோவேறு கழுதைகள்" (1994) நாவலுக்கும் இதேதான் நடந்தது. சேரி மக்களுக்குத் துணி வெளுக்கிற ஆரோக்கியத்தின் கதை அது. ஒடுக்கப்பட்டவர்களுக்கு உள்ளேயே இன்னொரு படி கீழே ஒருத்தி இருக்கிறாள் என்று காட்டியதற்காக அவருக்கு தலித் தரப்பிலிருந்தே விமர்சனம் வந்தது. எனக்கென்னவோ எழுத்தாளர் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்பதை விட, எழுதும்போது எந்த உயரத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆரோக்கியத்தின் வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்து எழுதிய நாவல் அது.

பனைக்கு வருகிறேன். உடன்குடியில் இருந்துகொண்டு அதை விட முடியுமா?

பனையேறியை நாயகனாக வைத்து எனக்குப் பிடித்த நாவல் ஹெப்சிபா ஜேசுதாசனின் "புத்தம் வீடு" (1964). குமரி மாவட்டப் பக்கத்துப் பனைவிளை கிராமம். நொடித்துப்போன பெரிய வீட்டுப் பெண் லிஸி, பனையேறியின் மகன் தங்கராஜ். பனை வைத்திருப்பவருக்கும் பனை ஏறுகிறவருக்கும் நடுவில் உள்ள தூரம், ஒரே மக்களுக்குள்ளேயே எவ்வளவு பெரிய தூரம் என்பதை அந்த நாவல் சத்தமே போடாமல் காட்டிவிடுகிறது. தங்கராஜ் யாரிடமும் கெஞ்சுவதில்லை. அது எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு குறை சொல்லித்தான் ஆக வேண்டும். கதை முழுக்க லிஸியின் வீட்டுக்குள்ளிருந்து பார்க்கிற பார்வை. வயசுக்கு வந்ததும் வீட்டுக்குள் அடைபட்டுப்போன பெண்ணுக்கு அதற்கு மேல் தெரியாது என்பது நியாயம்தான். இருந்தாலும் தங்கராஜின் அம்மா எப்படி இருந்திருப்பாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

ஏனென்றால் பனைத்தொழிலில் ஏறுகிறவர் பாதி, காய்ச்சுகிறவர் பாதி. பாளை சீவக் காலையும் மாலையும் ஏறுகிறவரை ஊரே பார்க்கும், போட்டோவும் எடுக்கும். பதனீர் கீழே இறங்கிய பிறகு அது பெண்களின் வேலை. சித்திரை வெயிலில், ஓலை விடிலிக்குள், அடுப்புக்கு முன்னால் நின்று, காய்ந்த ஓலையும் முள்ளும் எரித்து, பதம் தப்பாமல் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் பாகு முறிந்து அன்றைய உழைப்பு மொத்தமும் போச்சு. சிரட்டையில் ஊற்றி எடுக்கிற வரைக்கும் கண்ணில் புகைதான். உடன்குடி கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்கெல்லாம் சந்தோஷம். அந்தப் பெருமையில் காய்ச்சுகிறவளின் முகம் எங்காவது வந்ததா?

அவளைப் பற்றி எழுதுகிறேன் என்று யாராவது கிளம்பினால் எனக்கு இப்போதே பயமாக இருக்கிறது. புகையில் கண்ணைக் கசக்குவாள், புருஷன் மரத்திலிருந்து விழுவான், ஐயோ பாவம், முற்றும். அந்தக் கதை வேண்டாம். நான் பார்த்த விடிலிகளில் பெண்கள் அப்படி இல்லை. மருமகளைக் குறை சொல்கிறார்கள், கடைக்கார அண்ணாச்சி எடையில் அடிப்பதைப் பற்றி வாய்விட்டுச் சிரிக்கிறார்கள், பதம் பார்க்கிற சாக்கில் பாகை எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். சீனி கலக்கச் சொல்லி வருகிற வியாபாரியிடம் சண்டை போடுகிறவர்களும் உண்டு, கலந்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. இரண்டாமவர் எனக்குக் கதைக்கு இன்னும் நல்ல ஆளாகத் தோன்றுகிறார். எந்தக் கடன், எந்தப் பள்ளிக்கூட ஃபீஸ் அந்தச் சீனியை அள்ளிப் போட வைத்தது என்று எழுத ஆரம்பித்தால் அது சுடலைமுத்து ஜாதிக் கதை.

மாரி செல்வராஜ் "வாழை" (2024) எடுத்தபோது வாழைத்தார் சுமக்கிற சிறுவனுக்குக் கமல் ரஜினி சண்டை கொடுத்தார், டீச்சர் மேல் பிரியம் கொடுத்தார், வேலைக்கு மட்டம் போடுகிற திருட்டுத்தனம் கொடுத்தார். பாதிப் படம் நாம் சிரித்துக்கொண்டேதான் இருந்தோம். அது நம் தாமிரபரணிக் கரையில் பிறந்த ஒருவர் தன் கதையைத் தானே சொன்னது.

நம் வகுப்பில் விடிலி வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறீர்கள். பேர் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும். பங்குனி பிறந்தால் காலேஜுக்கு லேட்டாக வருகிறவர்கள். செமினார் பேப்பரை நான் எழுதித் தருகிறேன், நீங்கள் அம்மா பேசுவதை அப்படியே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.